தீப்பொறி பிளக்: வெப்ப எண்ணும் நிறம் பார்த்தலும்

தீப்பொறிச் செருகி என்பது பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர் தலையில் திருகப்பட்டு, அழுத்தப்பட்ட எரிபொருள் – காற்றுக் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் சிறு கருவி. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதைச் செருகி என்று எவரும் சொல்வதில்லை. பிளக் என்பதே வழக்கு. இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது. பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைக் கொண்டு எஞ்சினின் உடல்நிலையை அறிவது, எஞ்சினுக்கு ஏற்ற வெப்ப எண் கொண்ட பிளக்கைத் தேர்வது ஆகிய இரண்டும் இருசக்கர வாகன மெக்கானிக்குகளின் தொழிலறிவில் நெடுங்காலம் முதன்மையாக இருந்தவை. கள்ளக்குறிச்சி போன்ற சமவெளி நகரில் இருந்து கல்வராயன் மலை போன்ற ஏற்றப்பாதைக்குச் செல்லும் வண்டியில் இந்த அறிவு நேரடியாகச் சோதிக்கப்படுகிறது. பிளக்கில் பொறிக்கப்பட்ட ஓர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் பிஸ்டனில் ஓட்டை விழக்கூடும் என்பதால் இது வெறும் பழங்கதை அல்ல.

தோற்றம்

பிரான்சில் வாழ்ந்த எத்தியேன் லெனுவார் 1860 இல் உருவாக்கிய வாயு எஞ்சினில் மின்பொறியால் பற்றவைக்கும் முறை இருந்தது. ஆனால் அது நம்பத்தக்கதாக இல்லை. டைம்லரின் தொடக்ககால எஞ்சின்களில் பொறிக்குப் பதிலாகச் சுடர்விளக்கால் பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாயே கலவையைப் பற்றவைத்தது. ஓடும் வண்டியில் பெட்ரோலுக்குப் பக்கத்தில் எரியும் விளக்கை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. 1886 இல் ஷ்டுட்கார்ட் நகரில் பட்டறை தொடங்கிய ராபர்ட் பாஷின் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதனுடன் இணையும் பிளக்கையும் உருவாக்கினார். 1902 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றுள்ள பிளக்கின் அடிப்படை அமைப்பு அதுதான்: நடுவில் ஒரு மின்முனை, அதைச் சூழ்ந்து மின்காப்பு, வெளியே மரையிட்ட இரும்பு உடல், அதிலிருந்து வளைந்து நிற்கும் மற்றொரு மின்முனை.

பிளக்கின் வரலாறு பெரும்பாலும் அதன் மின்காப்புப் பொருளின் வரலாறே. முதலில் பீங்கான் பயன்பட்டது. வெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கும்போது அது விரிசல் கண்டது. பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் மைக்கா பயன்பட்டது. தமிழில் காக்காப்பொன் என்று அழைக்கப்படும் இந்தக் கனிமத்தை உலகச் சந்தைக்கு மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா. பீகாரின் (இன்றைய ஜார்க்கண்டின்) கோடர்மா பகுதியும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டமும் பெயர்பெற்ற மைக்கா வட்டாரங்கள். பெட்ரோலில் ஈயம் சேர்க்கும் வழக்கம் பரவியபின் மைக்கா பின்வாங்கியது. அதன் இடத்தை அலுமினியம் ஆக்சைடு கலந்து சுட்ட வெண்ணிறக் காப்பு பிடித்தது. இன்று கடையில் வாங்கும் பிளக்கின் வெள்ளைப் பகுதி அதுவே.

வெப்ப எண் என்றால் என்ன

பிளக்கின் நுனி ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் இருந்தாக வேண்டும். சுமார் 500 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் அதன்மீது படியும் கரி எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அது காப்பின்மேல் படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் கரிவழியே இரும்பு உடலுக்கு ஒழுகிவிடும், பொறி வராது. மறுபுறம், நுனி சுமார் 850 பாகையைத் தாண்டினால் அது தணல் போலக் கனிந்து, பொறி வருவதற்கு முன்னரே கலவையைப் பற்றவைத்துவிடும். இதற்கு முன்பற்றல் என்று பெயர். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே எதிரே வெடிப்பு நிகழ்ந்தால் அலுமினியப் பிஸ்டன் உருகி ஓட்டையாகச் சில நிமிடங்கள் போதும்.

இந்த எல்லைக்குள் நுனியை வைத்திருக்கும் வழி, காப்பின் மூக்கு நீளத்தை மாற்றுவது. மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் இரும்பு உடலைச் சேர நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். இதுவே சூட்டு பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் விரைவில் வடிந்துவிடும். அது குளிர் பிளக். குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினுக்குச் சூட்டு பிளக்கும், அதிக அழுத்தத்தில் வேகமாக உழைக்கும் எஞ்சினுக்குக் குளிர் பிளக்கும் பொருந்தும். சூட்டு பிளக் போட்டால் பொறி வலுக்கும், வண்டி சீறும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. பிளக் எஞ்சினைச் சூடாக்குவதில்லை. எஞ்சினின் சூட்டைத் தன் நுனியில் எவ்வளவு தேக்கிவைக்கிறது என்பதையே அந்தப் பெயர் குறிக்கிறது.

பாஷ் நிறுவனம் இதற்கு எண் கொடுத்த முறை சுவையானது. ஒரு சோதனை எஞ்சினில் பிளக்கைப் பொருத்தி, அது கனிந்து முன்பற்றல் ஏற்படும்வரை எத்தனை நொடி தாங்குகிறது என்று அளந்தார்கள். அதன் அடிப்படையில் 95, 145, 175, 225, 240 என எண்கள் வந்தன. அதிக நேரம் தாங்கிய பிளக்குக்குப் பெரிய எண். ஆகவே பழைய பாஷ் முறையில் எண் கூடக்கூட பிளக் குளிரானது.

தமிழ்நாட்டுச் சாலைகளில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஓடிய பேருந்துகள் பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரை வட்டாரத்தில் நடத்திய பேருந்துகளும், ஜி.டி. நாயுடு 1920 இல் பொள்ளாச்சி – பழனி இடையே ஓட்டத் தொடங்கிய பேருந்தும் பிளக்கை நம்பியே ஓடின. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து வாயு எடுக்கும் கலன்கள் பேருந்துகளின் பின்னால் ஏறின, டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கலன்களைத் தயாரித்தது. சரியாக வடிகட்டப்படாத கரிவாயு சாம்பலையும் தாரையும் எஞ்சினுக்குள் கொண்டுவந்தது. பிளக்கைக் கழற்றித் துடைப்பது அக்காலத்தில் பேருந்துத் தொழிலாளிகளின் அன்றாட வேலை.

போருக்குப் பின் டீசல் வந்தது. டீசல் எஞ்சினில் கலவை அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்வதால் பொறி தேவையில்லை. பேருந்தும் லாரியும் டீசலுக்கு மாறியபின் பிளக் அறிவு கார், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் பட்டறைகளுக்கு இடம் மாறியது. 1951 இல் பெங்களூரில் பாஷின் கூட்டோடு தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே பிளக் தயாரித்தது. அதன் சுருக்கப் பெயரான மைகோ, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பிளக்குக்கு மறுபெயராகவே ஆனது. 2008 இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிய பிறகும் மைகோ பிளக் என்று கேட்பவர்கள் உண்டு.

1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்தது. திருவொற்றியூர் ஆலையில் இருந்து புல்லட் வந்தது. அது நான்கு வீச்சு எஞ்சின். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நாட்டை ஆண்டவை இரண்டு வீச்சு எஞ்சின்கள்: மைசூரின் ஜாவா, ராஜ்தூத், லாம்பிரட்டா, அன்றைய பஜாஜ் ஸ்கூட்டர்கள், 1980 இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50. இரண்டு வீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு 2டி ஆயிலும் கலந்து எரிகிறது. ஆயில் முழுதும் எரியாமல் பிளக்கில் தங்கும். ஆயில் கூடினால் எஞ்சின் பாதுகாப்பு என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றியவர்கள் வழியில் நின்றார்கள். குறைத்து ஊற்றியவர்களின் எஞ்சின் சீஸ் ஆனது. சட்டைப் பையில் ஒரு பழைய பிளக்கும், இருக்கைக்கு அடியில் பிளக் ஸ்பேனரும் இல்லாமல் வெளியூர் செல்லாத ஒரு தலைமுறை அப்படி உருவானது.

எண்கள் எதிரெதிராக ஓடிய கதை

பழைய மைகோ பிளக்குகளில் டபிள்யூ 175 டி1, டபிள்யூ 225 டி2 போன்ற குறிகள் இருந்தன. முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையைக் குறித்தது. நடு எண் வெப்ப எண். டி1 என்றால் மரைப்பகுதியின் நீளம் 12.7 மில்லிமீட்டர்; டி2 என்றால் 19 மில்லிமீட்டர். எண் பெரியது என்றால் குளிர் என்பதைப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவனும் அறிந்திருந்தான்.

பின்னர் பாஷ் தன் குறிமுறையை மாற்றியது. 145 என்பது 8 ஆனது. 175 என்பது 7. 225 என்பது 5. 240 என்பது 4. அதாவது புதிய முறையில் எண் கூடினால் சூடு. ஒரே நிறுவனம், ஒரே கடை, ஆனால் திசை தலைகீழ். அமெரிக்கச் சாம்பியன் பிளக்குகளிலும் எண் கூடினால் சூடுதான்.

இந்தக் குழப்பம் அடங்குவதற்குள் ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்தன. 1984 இல் இந்த் சுசுகி, 1985 இல் யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டில் ஹீரோ ஹோண்டா சிடி 100. அவற்றோடு ஜப்பானின் என்.ஜி.கே. குறிகளும் பட்டறைக்குள் நுழைந்தன. என்.ஜி.கே. முறையில் எண் கூடினால் குளிர். பி6எச்எஸ் சூடானது, பி8எச்எஸ் குளிரானது. எச் என்பது 12.7 மில்லிமீட்டர் நீளத்தையும், அதே இடத்தில் வரும் இ என்பது 19 மில்லிமீட்டரையும் குறிக்கும்.

விளைவை ஒரு கணக்கால் பார்க்கலாம். என்.ஜி.கே. பி8எச்எஸ் பிளக்குக்கு நிகரான பாஷ் பிளக் டபிள்யூ4ஏசி. கடையில் என்.ஜி.கே. இல்லை, எட்டாம் எண் போதும் என்று ஒருவர் டபிள்யூ8ஏசி வாங்கிப் போட்டால், அது என்.ஜி.கே. பி5எச்எஸ்ஸுக்கு நிகரானது. மூன்று படி சூடான பிளக். மரை சரியாக அமரும், வண்டியும் உடனே கிளம்பும். ஊருக்குள் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. முழு வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டும்போதோ பாரத்தோடு மலையேறும்போதோதான் பிளக் கனியத் தொடங்கும். நிகர்ப் பட்டியல் அச்சிட்ட அட்டைகளைப் பிளக் நிறுவனங்கள் வெளியிட்டன. சுவரில் மாட்டியிருந்த பட்டறைகள் தப்பின. நாட்காட்டிக்குக் கொடுத்த மதிப்பை அந்த அட்டைக்குக் கொடுக்காத இடங்களும் இருந்திருக்கும்.

நீளத்தில் தவறு செய்வது இன்னும் மோசம். 12.7 மில்லிமீட்டர் தலையில் 19 மில்லிமீட்டர் பிளக்கைத் திருகினால் நுனி எரிகூடத்துக்குள் நீண்டு பிஸ்டனில் இடிக்கலாம். மாறாக, நீளமான துளையில் குட்டைப் பிளக் போட்டால் வெறும் மரைகளில் கரி ஏறி, அடுத்த முறை சரியான பிளக்கைத் திருகும்போது அலுமினியத் தலையின் மரை உரிந்துவரும்.

நிறம் பார்த்தல்

நன்றாக எரியும் எஞ்சினின் பிளக் நுனி சாம்பல் கலந்த தவிட்டு நிறத்திலோ பால் மிகுந்த காபி நிறத்திலோ இருக்கும். காய்ந்த, விரலில் ஒட்டும் கறுப்புக் கரி இருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி: ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் மூடாமை, கார்புரேட்டர் பழுது, அல்லது தேவைக்கு மேல் குளிரான பிளக். பளபளக்கும் ஈரக் கறுப்பு ஆயிலின் அடையாளம். நான்கு வீச்சு எஞ்சினில் அது பிஸ்டன் ரிங் தேய்வையோ வால்வு கைடு தேய்வையோ காட்டும். எந்தப் பிளக்கை மாற்றினாலும் அது தீராது. சுண்ணாம்பு போல வெளுத்து, காப்பின்மேல் கொப்புளம் கண்டு, மின்முனை ஓரம் மழுங்கியிருந்தால் அதிகச் சூடு: பெட்ரோல் குறைந்த கலவை, எங்கோ காற்று ஒழுக்கு, முந்திய டைமிங், அல்லது தவறான சூட்டு பிளக். வெள்ளைக் காப்பின்மேல் மிளகுத்தூள் போன்ற புள்ளிகளும் நுண்ணிய உலோக மணிகளும் தெரிந்தால் அது பிஸ்டனில் இருந்து பெயர்ந்த அலுமினியமாக இருக்கலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

கலப்படம் இந்த வாசிப்பைப் பல ஆண்டுகள் சிக்கலாக்கியது. ரேஷன் மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மிகவும் மலிவாக இருந்ததால் அதைப் பெட்ரோலில் கலப்பது நாடெங்கும் நடந்தது. அதைக் கண்டுபிடிக்கவே அரசு மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங் உண்டாக்கும், பிளக்கில் கரியும் விடும். இரண்டு எதிரெதிர் அடையாளங்கள் ஒரே பிளக்கில் தெரிந்தால் மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி, எந்த பங்கில் போட்டீர்கள் என்பதுதான்.

பிளக்கை எப்போது கழற்றுகிறோம் என்பதும் முக்கியம். வெகுதூரம் நன்றாக ஓடிய வண்டியைப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு கழற்றினால் ஐடிலின் கரியே தெரியும். முழு வேகத்தின் உண்மை நிறம் வேண்டுமென்றால், பாரத்தோடு முழு திராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, வண்டியை உருட்டி நிறுத்திப் பிளக்கைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆறவிட்டே கழற்ற வேண்டும். கை சுடும் என்பதோடு, சூடான அலுமினிய மரை எளிதில் கெடும்.

சுத்தம் செய்வதிலும் மரபுகள் இருந்தன. பிளக்கைப் பெட்ரோலில் நனைத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். பெரிய பட்டறைகளில் மணல் பீய்ச்சும் இயந்திரம் இருந்தது. அதன்பின் சரியாக ஊதாவிட்டால் உள்ளே தங்கிய மணல் சிலிண்டரைக் கீறும். இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் ஹேக்சா பிளேடு கைகொடுத்தது. அதன் தடிமன் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர்; அக்காலப் பிளக்குகளுக்குப் பொதுவான இடைவெளியும் அதை ஒட்டியதே. இது அறிவியலுக்குப் புறம்பான கைவைத்தியம் அல்ல.

கல்வராயன் மலைப்பாதையில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 இல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்தது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை எழுகிறது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து 1976 இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறும் சாலை கரியாலூர், வெள்ளிமலை வரை செல்கிறது. பல சிற்றூர்களுக்கு இன்னும் நல்ல சாலை இல்லை. மரவள்ளி, புளி, கடுக்காய் போன்ற மலைப்பொருள்கள் கீழே இறங்கவும், அரிசியும் மருந்தும் மேலே ஏறவும் இருசக்கர வண்டி பெரிதும் உதவுகிறது. அங்கே வண்டி நிற்பது நகரில் நிற்பது போன்றதல்ல. அடுத்த பட்டறை பல கிலோமீட்டர் கீழே இருக்கும்.

ஏற்றத்தில் எஞ்சின் தாழ்ந்த கியரில் முழு பாரத்தோடு உழைக்கிறது. வேகம் குறைவு என்பதால் குளிர்விக்கும் காற்றும் குறைவு. பிளக் நுனி அதன் உச்ச வெப்பத்தை இங்கேதான் எட்டுகிறது. சமவெளியில் ஆண்டுக்கணக்கில் தாங்கிய சூட்டு பிளக் இங்கே நாக்கிங்கும் சக்திக் குறைவுமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அணைத்த பிறகும் எஞ்சின் ஓரிரு சுற்று ஓடினால் உள்ளே ஏதோ கனிந்திருக்கிறது என்று பொருள்.

மேலே போனதும் நிலைமை மாறுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அமைத்த கார்புரேட்டர் இந்தக் குறைவை அறியாது. கலவையில் பெட்ரோல் சற்று மிகுந்துவிடும். ஆகவே மலைமேல் சிறுதூரங்களே ஓடும் வண்டியின் பிளக் கறுத்தும், அதே வண்டி ஏற்றத்தில் வெளுத்தும் காணப்படலாம். வெள்ளிமலையில் கழற்றிய பிளக்கைப் பார்த்துவிட்டு இன்னும் சூடான பிளக் போடுவது எளிதில் செய்யக்கூடிய தவறு. அது கரியைத் தீர்க்கும். அடுத்த ஏற்றத்தில் பிஸ்டனைக் கேட்கும். முதலில் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சரிசெய்து, பிறகும் தேவையென்றால் ஒரே ஒரு படி மட்டும் மாற்றி, மறுபடி நிறம் பார்ப்பதே முறை.

இறக்கம் இரண்டு வீச்சு வண்டிகளின் சோதனைக்களம். திராட்டிலை மூடி இறங்கும்போது நுனி குளிர்ந்து, உள்ளே எஞ்சிய ஆயில் பிளக்கில் படிகிறது. அதேநேரம் பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் நின்றுபோவதால் வேகமாகச் சுழலும் பிஸ்டன் உலர்ந்து ஓடுகிறது. அனுபவமுள்ளவர்கள் இடையிடையே திராட்டிலைச் சற்றுத் திறந்து மூடுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு இறங்கும் பழக்கம் பிளக்குக்கும் நல்லதல்ல, பிரேக்குக்கும் நல்லதல்ல; மலை வளைவில் உயிருக்கே கேடு.

செம்பு உள்ளீடு கொண்ட நடு மின்முனை பரவியபோது இந்தச் சங்கடம் ஓரளவு குறைந்தது. செம்பு வெப்பத்தை விரைந்து கடத்துவதால் மூக்கை நீளமாக வைத்துக்கொண்டே உச்சச் சூட்டையும் தாங்க முடிந்தது. ஐடிலில் விரைவில் சூடேறிக் கரியை எரிக்கும். ஏற்றத்தில் எல்லை மீறாது. பாஷ் குறியின் இறுதியில் உள்ள சி என்ற எழுத்து இந்தச் செம்பைக் குறிப்பது.

நிறங்கள் மாறிய காலம்

நிறம் பார்க்கும் பழைய விதிகள் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் உருவானவை. தவிட்டு நிறத்தில் ஒரு பங்கு ஈயப் படிவுகளுடையது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது; 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. அதன்பின் சரியாக ஓடும் எஞ்சினின் பிளக்கும் முன்பைவிட வெளிறியே தெரிந்தது. இதைச் சூடு என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிவைத்தவர்களின் வண்டி மைலேஜ் இழந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக இரண்டு வீச்சு வண்டிகள் மறைந்தன. மலைக்கிராமங்கள்வரை சென்ற டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 2015 இல் எக்ஸ்எல் 100 என்ற பெயரில் நான்கு வீச்சுக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோது கார்புரேட்டரும் போய் எரிபொருள் தெளிப்பு வந்தது. எலக்ட்ரானிக் கட்டுப்பாடு கலவையைத் தானே திருத்திக்கொள்வதால் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்துவிட்டது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. ஆல்கஹால் கரி விடாமல் எரியக்கூடியது. பிளக் நுனி இன்னும் வெளுப்பாகத் தெரியும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அதே எத்தனால் கலவையைச் சற்று மெலிவாகவும் ஆக்குகிறது. அத்தகைய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாமல் காப்பின் கொப்புளம், மின்முனையின் மழுங்கல், உலோக மணிகள் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடி கொண்டு தேட வேண்டியுள்ளது. பிளக் மாற்றும்போது வண்டியின் கையேட்டில் உள்ள குறியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதும், நிறுவனம் மாறினால் நிகர்ப் பட்டியலைப் பார்ப்பதும் இன்றும் தேவையே, பாஷும் என்.ஜி.கே.யும் எண்களை இன்றளவும் எதிரெதிர்த் திசையில்தான் எண்ணுகின்றன.